பட்டாளத்துக்காரருக்கு ஒரு மணி நேரம்

ஜனவரி 14-ஆம் தேதி முன்னாள் படைவீரர் நாள் என்பது, தெருவுக்கு நான்கு பட்டாளத்துக்காரர்கள் வாழும் வேலூர்ப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான கரியப்பா 1953-ஆம் ஆண்டு அந்தத் தேதியில் பணி ஓய்வு பெற்றார். அதை முன்னிட்டு 2016 முதல் அந்த நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. மறுநாளான ஜனவரி 15, அவர் 1949-இல் ஆங்கிலேயத் தளபதி ராய் புச்சரிடமிருந்து பொறுப்பேற்ற நாள் என்பதால் தரைப்படை நாள் ஆயிற்று. வரலாறு கொடுத்த தேதிகளுக்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இந்த இரண்டு நாள்களும் போகிக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டு, இருந்த இடம் தெரியாமல் போய்விடுகின்றன.

அந்த நாள்களில் நம் தமிழ்ச் சேனல்களில் என்ன ஓடும் என்பதை யாரும் பார்க்காமலே சொல்லிவிடலாம். விடியற்காலையில் கோலமும் கரும்பும், காலை உணவு முடிந்ததும் பட்டிமன்றம், பிறகு புதுப்படத்து நடிகர்களின் பேட்டி, மாலையில் ‘திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ படம். பண்டிகை நாளில் இவை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் துறவி இல்லை. பட்டிமன்றத்தை எங்கள் வீட்டிலும் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். என் ஆதங்கம் வேறு. சுதந்திர தினம், குடியரசு தினம், ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 16 அன்று 1971 போரின் வெற்றி நாள் என்று பண்டிகையோடு மோதாத நாள்களிலும் அதே அட்டவணைதான், மேலே மூவர்ணப் பட்டை மட்டும் கூடுதலாக ஒட்டப்பட்டு ஓடுகிறது. நினைவு நாள்களில் தொலைக்காட்சி முன்னாள் படைவீரர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை, அவர்கள் பேசுவதை வெட்டாமல் ஒரு மணி நேரம் கேட்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கொடுப்பது, எப்படிக் கொடுக்கக் கூடாது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

இதை எழுத வேலூர்க்காரனுக்கு ஓர் உரிமை உண்டு. லாங்கு பஜாரில் நிற்கும் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. காய்கறி வாங்க வருபவர்களில் நூற்றில் ஒருவர்கூட அதைப் படித்திருக்க மாட்டார். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று அது சொல்கிறது. கணியம்பாடி பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை, வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்துவிடுவதால், ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். குடியாத்தம், பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், அணைக்கட்டு எனப் பழைய வடஆர்க்காடு முழுவதும் இப்படித்தான்: வறண்ட நிலம், ஏரி நிரம்பினால் ஒரு போகம், இல்லையென்றால் தோல் ஷாப்பு, பீடி, பட்டாளம். காட்பாடி ஜங்ஷனில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது, பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கும் ஆட்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்த ஊருக்குத் தொலைக்காட்சி வண்டிகள் வராமல் இல்லை. ஜூலை 10-ஆம் தேதி தவறாமல் வருகின்றன. 1806-இல் தலைப்பாகையை மாற்று, தாடியை மழி, நெற்றிக் குறியை அழி என்ற உத்தரவுகளை எதிர்த்துக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த கதையும், ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து அவர்களைக் கொன்று குவித்த கதையும் ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றன. மக்கான் அருகே உள்ள நினைவுத்தூணில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. டிரோன் ஒன்று அகழியைச் சுற்றி வருகிறது. நல்லதுதான். ஆனால் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த சிப்பாய்க்குக் கிடைக்கும் நிமிடங்களில் பாதிகூட, அந்தத் தூணுக்கு எதிரே பேருந்துக்கு நிற்கும் ஓய்வுபெற்ற ஹவில்தாருக்குக் கிடைப்பதில்லை.

இறந்தவர்களுக்கு மட்டும் கேமரா எப்போதும் தயாராக இருக்கிறது என்பதை இன்னும் கசப்பாகவும் சொல்லலாம். எல்லையில் ஒருவர் இறந்து, மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வரும்போது, நேரலை வண்டிகள் தெருமுனையை அடைத்துக்கொள்கின்றன. மயங்கி விழும் மனைவியின் முகத்துக்கு அருகே மைக் நீட்டப்படுகிறது. ஒன்றும் புரியாமல் நிற்கும் பிள்ளையிடம் ‘நீயும் அப்பா மாதிரி ஆர்மிக்குப் போவியா’ என்று கேட்கிறார்கள். குண்டு முழங்கி முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் யாரும் இருப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்து சேர்ந்ததா என்று அடுத்த ஆண்டு அதே தேதியில் ஒரு சேனலாவது போய்க் கேட்டிருந்தால், அதை நினைவு நாள் நிகழ்ச்சி என்று நான் ஒப்புக்கொள்வேன்.

இறந்தவரையும் உயிரோடு இருப்பவரையும் ஒரே மாலையில் கட்டிவிடும் இந்தக் குழப்பம் அமெரிக்காவில் இல்லை. அங்கே அதற்காகவே இரண்டு நாள்கள் வைத்திருக்கிறார்கள். மே மாதக் கடைசித் திங்கள்கிழமை போரில் இறந்தவர்களுக்கு. நவம்பர் 11 படையில் பணியாற்றிய எல்லாருக்கும். தொடர் விடுமுறையின் வசதிக்காக 1971-இல் இரண்டாவதை அக்டோபர் மாதத் திங்கள்கிழமைக்கு நகர்த்திப் பார்த்தார்கள்; முதல் உலகப் போர் ஓய்ந்த தேதியை விட்டுக்கொடுக்கப் பலருக்கும் மனம் வரவில்லை; 1978-இல் மறுபடி நவம்பர் 11-க்கே கொண்டுவந்தார்கள். மே மாத நாளை ஒட்டி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேற்குப் புல்வெளியில் 1989 முதல் ஒரு கச்சேரி நடக்கிறது; பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் அதை ஒளிபரப்புகிறது. அதில் எனக்குப் பிடித்த பகுதி பாட்டு இல்லை. ஒரு வீரரின் அல்லது அவருடைய தாயின் உண்மைக் கதையை ஒரு நடிகர் மேடையில் நின்று சொல்கிறார். கதைக்குரியவர் பார்வையாளர் வரிசையில் இருக்கிறார். சொல்லி முடித்ததும் நடிகர் அவரிடம் போகிறார். நடிகரை வைத்துத்தான் மக்களை உட்கார வைக்க முடியும் என்று நம் சேனல்கள் சொன்னால், சரி, இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆகஸ்ட் 15 அன்று நடிகரைக் கூப்பிட்டு ‘உங்கள் பார்வையில் சுதந்திரம் என்றால் என்ன’ என்று கேட்பதைவிட, அவர் கம்மவான்பேட்டைக்காரர் ஒருவரின் கதையை அந்த மனிதருக்கு முன்னால் வாசிப்பது அவருக்கும் நல்லது. அமெரிக்காவிலும் அதே வார இறுதியில் கேபிள் சேனல்கள் போர்ப் படங்களை வரிசையாக ஓட்டி நேரத்தை நிரப்புவதும் உண்டு. அந்தப் பழக்கத்தை நாம் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இஸ்ரேலில் நினைவு நாளன்று வழக்கமான நிகழ்ச்சிகளைப் பல சேனல்கள் நிறுத்திவிடுகின்றன. ஒரு சேனலில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும் நாள் முழுவதும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போகின்றன. பிரிட்டனில் நவம்பரில் இரண்டு நிமிட மௌனத்தைத் தொலைக்காட்சியும் காக்கிறது. மௌனம் நமக்குப் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பறையும் ஒப்பாரியுமாகத் துக்கம் காக்கும் ஊரில், இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் செட்டாப் பாக்ஸ் கெட்டுவிட்டதென்று கேபிள்காரருக்குப் போன் போட்டுவிடுவார்கள். பெயர்களை ஓடவிடுவது மட்டும் நமக்கும் முடியும். 2019-இல் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் விடுதலைக்குப் பின் உயிர் துறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களின் பெயர்களை ஊர்ப் பெயரோடு தனியே எடுத்து, கார்கில் நாளன்று ஒரு பொறுமையான குரல் தமிழில் வாசித்தால், தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று கேட்கவாவது வீட்டுக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இனி, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி. முன்னாள் படைவீரர் என்றதும் நம் தொலைக்காட்சி தேடுவது நரைத்த முறுக்கு மீசையும் நெஞ்சு நிறைய மெடல்களும். உண்மையில் ஒரு சிப்பாய் 15 ஆண்டுகள் பணி செய்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றுவிடுகிறார்; பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர்கள் நாற்பதைத் தொடும் முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். வேலூரில் வங்கி வாசலிலும், ஏடிஎம்மிலும், மருத்துவமனை வாயில்களிலும் நீலச் சட்டை போட்டு நிற்பவர்களில் பலர் இவர்கள்தான். சியாச்சினில் மைனஸ் நாற்பது டிகிரியில் இருந்துவிட்டு வந்தவரை, வண்டியை எங்கே நிறுத்துவது என்று சின்னப் பையன்கள் ஒருமையில் அதட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியிலிருந்து சேர்ந்தவர்களில் முக்கால் பங்கினர் நான்கு ஆண்டுகளில் வெளியே வரும்போது, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிலேயே பட்டாள வாழ்க்கை முடிந்தவர்கள் நம் தெருக்களில் இருப்பார்கள். மீசையை மட்டும் தேடும் கேமராவுக்கு இவர்களில் ஒருவரும் தென்பட மாட்டார்கள்.

அடுத்த சிக்கல், கேள்வி. என் பெரியப்பா தரைப்படையின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி எடுத்து, இரண்டு ஆண்டுக்குள் 1971 போரின் மேற்கு முனைக்குப் போனவர். பாசந்தர் ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடி வயலில் வழி வெட்டி நம் டாங்கிகளை அக்கரைக்கு அனுப்பிய சாப்பர்களில் அவரும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் ஒரு சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கேமராவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘ஐயா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?’ பெரியப்பா சற்று யோசித்து, ‘நான் சுடலைப்பா, வெடி எடுத்தேன்’ என்றார். இரவு முழுக்கக் குப்புறப் படுத்து நகர்ந்ததையும், கண்ணிவெடியைக் கையால் தடவிக் கண்டுபிடித்த விதத்தையும், பக்கத்தில் இருந்தவர் கால் போனதையும் அவர் ஒரு மணி நேரம் சொன்னார். அப்படி அவர் பேசி எங்கள் வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை. பெரியம்மா சமையலறை வாசலை விட்டு நகரவில்லை. ஒளிபரப்பில் நாற்பது விநாடி வந்தது: ‘ஜெய்ஹிந்த்’ என்று அவர் சல்யூட் அடிப்பதும், பின்னணியில் முரசு இசையும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் நிகழ்ச்சி இருந்தது. படையில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் பாலம் கட்டுகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், லங்கரில் ரொட்டி சுடுகிறார்கள், கோவேறு கழுதைக்கு லாடம் பார்க்கிறார்கள், காயம்பட்டவருக்குக் கட்டுப் போடுகிறார்கள். வீரத்தைத் துப்பாக்கியில் மட்டும் தேடுகிறவர் இவர்களிடம் கேட்க ஒன்றுமில்லாமல் திரும்புவார். ‘முதல் முறை லீவில் வந்தபோது அம்மா என்ன சொன்னார்?’, ‘இந்தி எப்படிக் கற்றீர்கள்?’, ‘மணியார்டர் வீட்டுக்கு எத்தனை நாளில் போகும்?’, ‘இரவில் எதை நினைத்துக்கொண்டு விழித்திருந்தீர்கள்?’ என்று கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள். மனைவிகளையும் கேட்க வேண்டும். இரண்டு மாத லீவுக்கு வந்து போகும் கணவனோடு இருபது ஆண்டுகள் குடும்பம் நடத்தி, மாமியாரையும் மாட்டையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் பார்த்துக்கொண்ட பெண்களின் கதை எந்தச் சேனலிலும் வந்து நான் பார்த்ததில்லை. பின்னணி இசை வேண்டவே வேண்டாம். விவாத மேடைகளில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகளை உட்கார வைத்துப் பாகிஸ்தானைப் பற்றிக் கத்த வைப்பதை முன்னாள் வீரருக்கான நேரத்தில் கணக்கு வைக்கவும் கூடாது; அது செய்தி வியாபாரம்.

இந்த விஷயத்தில் வானொலி நன்றாகவே நடந்துகொண்டது. விவித் பாரதியின் ஜெய்மாலா நிகழ்ச்சியில் எங்கோ முகாமில் இருக்கும் வீரரின் பெயரைச் சொல்லி, அவர் கேட்ட பாட்டைப் போட்டார்கள். அது அவருக்கான நிகழ்ச்சி. மற்றவர்கள் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சிக்கோ அவர் காட்சிப் பொருள். நிகழ்ச்சியைப் பார்ப்பவர் அவராகவும் இருக்கலாம் என்ற எண்ணமே தயாரிப்பவர்களுக்கு வருவதில்லை.

அவசரமும் இருக்கிறது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-இல். ஆகவே 1962, 1965, 1971 போர்களுக்குப் போய்வந்த தமிழர்கள் திரும்பிய நாளில் அவர்களைப் பதிவு செய்ய இங்கே தொலைக்காட்சியே இல்லை. கார்கிலைத்தான் நாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அதனாலேயே இந்தியாவின் போர் என்றால் அது ஒன்றுதான் என்பதுபோல் நிகழ்ச்சிகள் அமைகின்றன. 1971-இல் இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபத்தைந்தை ஒட்டி இருக்கிறார்கள். 1965-ஆம் ஆண்டு ஆட்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் நினைவில் இருப்பது வேறு எங்கும் படமாக இல்லை.

நாளே இல்லாத போர் ஒன்றும் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அங்கே காட்டிய வீரத்துக்காக, இறப்புக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அமைதிப்படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத் தமிழர்கள் அந்தப் படையால் பட்ட துன்பத்தை மனத்தில் கொண்டு அவர் எடுத்த முடிவு அது. அதில் ஒரு நியாயம் இருந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பெரியப்பாவும் அங்கே போனவர். பாசந்தரைப் பற்றிக் கேட்டால் சொல்கிறார், யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார். தமிழ் பேசும் ஊருக்குள் தமிழ் பேசும் சிப்பாயாகத் துப்பாக்கியோடு நடந்தவருக்கு என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று தமிழ்ச் சேனல் ஒன்று கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? தீர்ப்புச் சொல்லும்படி அவரை நெருக்காமல், எதிர்த் தரப்பில் ஒரு கட்சிப் பேச்சாளரை உட்கார வைக்காமல், அவர் நிறுத்தும் இடத்தில் தாங்களும் நிறுத்திக்கொள்ளத் தெரிந்த ஒருவர் கேட்க வேண்டும். புகழ்ந்தே தீர வேண்டும் என்று கிளம்பும் நிகழ்ச்சியால் இதைச் செய்ய முடியாது. கேட்பதற்காக மட்டும் போகும் நிகழ்ச்சியால் முடியும். அந்த மண்ணில் அடிபட்ட குடும்பங்களும் அதை உட்கார்ந்து பார்க்க முடியும்.

எந்த நேரத்தில் ஒளிபரப்புவது என்பதற்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. ஜனவரி 14, 15 இரண்டையும் பொங்கலிடம் விட்டுவிடலாம்; அந்த நாள்களில் முன்னாள் வீரர்களே எருது விடும் விழாவில்தான் இருப்பார்கள். அதற்குப் பதில் டிசம்பர் 7 முதல் 16 வரை, கொடிநாளிலிருந்து வெற்றி நாள் வரை, டிடி தமிழ் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். கொடிநாள் 1949-இலிருந்தே முன்னாள் வீரர்களின் நலனுக்காக நிதி திரட்டும் நாள். இன்று அது ஆட்சியர் சட்டையில் கொடி குத்தும் படத்தோடு முடிந்துவிடுகிறது. தனியார் சேனல்கள் பத்து நாள் தர மாட்டார்கள். ஆகஸ்ட் 15 அன்று புதுப்படத்துக்கு முன்னால், விளம்பரம் இடையில் வராத ஒரு மணி நேரம் தந்தால் போதும். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நகைக்கடை விளம்பரங்களை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தப் பத்து நாளில் ஒரு நாளையாவது பென்ஷனுக்கு ஒதுக்க வேண்டும். ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற இணையதளத்துக்கு மாறிய பிறகு, ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றைப் பதிவு செய்ய எண்பது வயதுக்காரர்கள் பேரப் பிள்ளைகளின் கைப்பேசியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பதால், கணவர் இறந்த பின் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் பெண்கள் கிராமத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். உயிரோடு இருக்கும்போதே அதைத் திருத்திவிடலாம் என்பதும், அதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. உதவி இயக்குநர் ஒருவரை ஸ்டூடியோவில் உட்கார வைத்து, நேரலையில் தொலைபேசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைத்தால், தேசபக்திப் பாட்டு எதையும்விட அது அதிகம் பேருக்குப் பயன்படும்.

படமெடுக்க வருபவர்களுக்கு ஒரு சொல். பதிவின் முழுப் பிரதியை, வெட்டியதை அல்ல, அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள்; இப்போது அதற்கு ஒரு பென்டிரைவ் போதும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், திரையில் காட்டுவதற்கென்று பெரியப்பாவின் ஆல்பத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அல்சூர் ஏரிக்கரையில் அவரும் இன்னும் ஆறு பேரும் முண்டா பனியனோடு நிற்கும் படம் அதில் இருக்கிறது. அந்த ஆறு பேரில் இருவர் பாசந்தரிலிருந்து திரும்பவில்லை. எத்தனையோ முறை போன் செய்தும், வந்த பையன் வேறு சேனலுக்கு மாறிவிட்டான் என்பதே பதிலாக இருக்கிறது. பெரியம்மா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் படிக்கும் செய்தித் துறை நண்பர்கள் யாராவது தங்கள் அலுவலக அலமாரியில் பச்சை அட்டை போட்ட ஒரு பழைய ஆல்பத்தைப் பார்த்தால், கூரியரில் அனுப்பி வையுங்கள்; செலவை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.